ஒரு நாளைக்கு ஒரு சாண்

மொக்கராசு வண்டியோட பின் சக்கரத்து டிரம்மைச் சவரிமுத்து கழட்டி எடுத்த அன்னைக்குத்தான் எங்க ஊரு நகர ஆரம்பிச்சது. வண்டி நகரல, அதை நல்லாக் கேட்டுக்கோங்க, ஏன்னா இந்தக் கதையைச் சொன்னா கீழ போடி டவுன்ல இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் முதல்ல கேக்கிறது "வண்டிதானேம்மா உருண்டுச்சு?"ங்கிறதுதான். வண்டி ஜாக்கி மேல, மத்த சக்கரத்துக்கெல்லாம் கல்லு கொடுத்து, வெச்ச இடத்துல அப்படியே உக்காந்திருந்துச்சு. ஊருதான் போச்சு.

எங்க ஊருக்கு ஒம்போதாம் வளைவுன்னு பேரு. மலைப்பாதையில ஒம்போதாவது கொண்டை ஊசி திரும்பினதும் நாலு வரிசையா நாப்பது வீடு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, படி இறங்கிற மாதிரி இறங்கும். உச்சியில டிரான்ஸ்பார்மர் பக்கத்துல ஒரு சமதளம், அங்கதான் வண்டி நிக்கும். அடியில கடைசி வீடு என் மக செண்பகத்தோடது, அந்த வீட்டுப் பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் பன்னெண்டு அடி மண்ணு, அதுக்கு அப்பால ஒண்ணும் கிடையாது. கல்லைப் போட்டா சத்தம் கேக்காது, அவ்வளவு பள்ளம். அந்த வீட்டுக்கு அவளைக் கட்டிக்கொடுக்காதீங்கன்னு அன்னைக்கே எல்லார்கிட்டயும் தொண்டை கிழியக் கத்தினேன், அவளுக்கு மச்சக்காளை முகம்தான் தெரிஞ்சது, பள்ளம் தெரியல. நான் குருவம்மா, பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குறவ. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு சொல்வாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

அந்த வண்டி அறுபத்திமூணாம் வருஷத்து பிக்கப்பு. எஸ்டேட்காரங்க விட்டுட்டுப் போனது, மூக்கு உருண்டையா, பச்சைப் பெயிண்டு, பின்னால பலகைத் தொட்டி. ஊருக்கு அரிசி அதுலதான் ஏறி வரும், கல்யாணப் பொண்ணு அதுலதான் வரும், செத்தவங்க அதுலதான் இறங்கிப் போவாங்க. கொஞ்ச நாளாவே அதுக்கு பிரேக்கு சரியில்லை. மொக்கராசு ஒவ்வொரு வளைவுக்கும் மூணு தடவை பெடலை மிதிச்சு மிதிச்சு, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சாமி பேரைச் சொல்லித்தான் இறங்குவான். ஒருநாள் ஆறாம் வளைவுல பெடல் அப்படியே தரையோட போய்ப் படுத்துக்கிச்சு. மேட்டுப்பக்க மண்ணுல வண்டியைச் சாய்ச்சு நிறுத்தி, கயிறு கட்டி மேல இழுத்தாந்து, நேரா சவரிமுத்து வீட்டுக்குப் போய், "அண்ணே, இனி சாமி பேரு மிச்சம் இல்லை"ன்னான்.

எங்க ஊரு மெக்கானிக்கு சவரிமுத்து அதிகம் பேசாத ஆளு, பேசினா திட்டத்தான் செய்வான். டிரம்மைத் தட்டிக் கழட்டி உள்ள பாத்தான். சக்கரத்துக்குள்ள இருக்கிற சிலிண்டரோட ரப்பர் கிழிஞ்சு, பிரேக் ஆயில் ஒழுகி, லைனிங் பூரா சொதசொதன்னு ஊறிக் கிடந்துச்சு. "இத்தனை நாளு நீ உயிரோட இருந்ததே தப்புடா"ன்னு சொல்லிட்டு, நாலு சக்கரத்தையும் கழட்டி, பெடலுக்குக் கீழ இருக்கிற பெரிய சிலிண்டரையும் கழட்டி, எல்லாத்தையும் ஒரு சாக்குல பரப்பி வெச்சான்.

மறுநாள் காலையில நான் சமையல்கட்டு வாசல்ல இருந்து காலை எடுத்துக் குழாய்த் திண்டுல வெக்கிறேன், முப்பது வருஷமா கண்ணை மூடிக்கிட்டு வெக்கிற கால், அது காத்துல போய் விழுது. குடத்தோட குப்புற விழுந்தேன். எவன்டா குழாயை நகத்தினதுன்னு நான் போட்ட சத்தத்துல தனுஷ்கோடி வாத்தியார் ஓடி வந்தார். அளந்து பாத்தார். சரியா ஒரு சாண். "குருவம்மா, குழாய் நகரல. பள்ளிக்கூடம் நகந்திருக்கு"ன்னு, வருகைப் பதிவேட்டுல பேரு வாசிக்கிற அதே குரல்ல சொன்னார்.

மரம் நகரல, பாறை நகரல, குழாய் நகரல. வீடுகளும் பள்ளிக்கூடமும் அதுல இருக்கிறவங்களும் மட்டும், ஒரு விரிசல் இல்லாம, ஒரு ஓடு சரியாம, அடுப்புல இருக்கிற உலை தளும்பாம, நாளைக்கு ஒரு சாண் கீழ போனோம். வாத்தியார் தினம் காலையில சாக்பீஸால கோடு போட்டார். எங்க ஊரு வழக்கம், மேட்டுல நிக்கிற எதுக்கும் கல்லு கொடுக்கணும், வண்டியோ தள்ளுவண்டியோ, கேஸ் சிலிண்டரோகூட. அந்த வழக்கப்படி ஆளாளுக்கு வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் கல்லு கொடுத்தாங்க. வீடு கல்லையும் சேத்துத் தள்ளிக்கிட்டுப் போச்சு.

அப்புறம் பழகிக்கிட்டோம், மனுசப் பய எதுக்குத்தான் பழகல. இரண்டாவது வரிசைக்காரி வீட்டுக் கொய்யா மரம் மேல் வரிசைக்காரி வாசலுக்குள்ள வந்துருச்சு, நிழல் யாருக்கு, பழம் யாருக்குன்னு ரெண்டு பேரும் தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டாங்க. தபால்காரர் ஒரு வீட்டுக் கடுதாசியை எப்பவும் போடுற ஜன்னல்ல போட, அது அந்தரத்துல விழுந்துச்சு. தாலுகா ஆபீசுல இருந்து ஒருத்தர் வந்து சங்கிலி பிடிச்சு அளந்து, "நீங்க எல்லாரும் இப்ப வேற சர்வே நம்பர்ல இருக்கீங்க, இருக்கக் கூடாது"ன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போனார். பிள்ளைக ராத்திரி படுக்கையில "நாளைக்குக் காலையில நம்ம வீட்டுக்கு நேரா எந்த மரம் வரும்"னு பந்தயம் கட்டுச்சுக. நான்கூட சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது. கோழிக்கூடு விழுகிற வரைக்கும் சிரிச்சேன்.

செண்பகத்தோட கோழிக்கூடு பின்சுவத்துக்கும் பின்னால, விளிம்புக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் இருந்துச்சு. மூணாம் நாள் மத்தியானம் அது சத்தமில்லாமப் பள்ளத்துல போச்சு. அப்ப கோழி எதுவும் கூட்டுல இல்லை. ஆறு கோழியும் மேல மாதா கோயில் வாசல்ல மேஞ்சுக்கிட்டிருந்துச்சுக. கூடு விழுந்த அந்த நொடி, ஆறும் மண்ணுல நகத்தைப் பதிச்சு, றெக்கையை விரிச்சு, யாரோ கயித்தைக் கட்டி இழுக்கிற மாதிரி சந்து வழியாச் சறுக்கிக்கிட்டே வந்துச்சுக. என் காலை உரசிக்கிட்டுத்தான் ஒண்ணு போச்சு. மச்சக்காளை பாஞ்சு ஒரு கோழியைப் பிடிச்சு, அதோட காலைச் சணல்ல கட்டி முருங்கை மரத்துல முடிஞ்சுட்டான். நாங்க பாத்துக்கிட்டே நின்னோம். முடிச்சு அவுறவே இல்லை, கோழி மட்டும் இல்லை.

எல்லாரும் செண்பகத்தைப் பாத்தாங்க, பாத்துட்டு வேற பக்கம் பாத்தாங்க. வாத்தியார்தான் சாக்பீசை எடுத்து, பின்சுவத்துல இருந்து விளிம்பு வரைக்கும் சாண் சாணா அளந்தார். இன்னும் பதிமூணு. மொத்தம் பதினாறு நாள் கணக்கு, அந்தப் பதினாறுங்கிற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லல, ஆனா எழவு வீட்டுல எதுக்குப் பதினாறு நாளுன்னு எல்லாருக்கும் தெரியும்.

மச்சக்காளை அன்னைக்கே என் மகளைக் கூட்டிக்கிட்டு போடிக்குப் போயிட்டான், அவங்க அண்ணன் வீட்டுக்கு. ரெண்டே நாள்ல திரும்பி வந்தாங்க. கட்டில்ல படுத்திருந்தவங்களைக் கட்டிலை விட்டு இறக்கி, தரையில நகத்தி, நம்ம ஊரு இருக்கிற மேற்குத் திசைச் சுவத்தோட ஒட்ட வெச்சிருச்சாம். "சுவரு மூச்சு முட்டிச்சும்மா. இங்கயாவது காத்து வருது"ன்னா செண்பகம். சொல்லிட்டு, வந்த துணியை மடிச்சு வெச்சுட்டு, முருங்கைக் கீரை ஆய உக்காந்துட்டா. எனக்கு அவளை அறையணும்னு வந்துச்சு, அப்படிப் பயம்.

அப்பத்தான் எல்லாருக்கும் ஒரே நேரத்துல வண்டி ஞாபகத்துக்கு வந்துச்சு. யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லல. ஊரே மேல ஏறிப் போய், ஜாக்கி மேல சக்கரம் இல்லாம நின்ன அந்தப் பச்சை வண்டியைச் சுத்தி நின்னோம். "சவரி, மாட்டுடா"ன்னேன்.

"எதை மாட்டச் சொல்ற? ரப்பரு இருந்தாத்தானே மாட்ட? இந்த அளவு எங்கயும் கிடையாதுக்கா, இவன் வண்டிக்கு அப்பன் வயசு." கையைத் துடைச்சுக்கிட்டு அப்படியே பஸ் ஏறிட்டான். போடியில இல்லை, தேனியில இல்லை, திண்டுக்கல்லுல இல்லை. மதுரையில ஒரு சந்துக் கடையில பழைய ரப்பர் செட்டு ரெண்டு கிடந்துச்சாம், ஒண்ணை வாங்கிக்கிட்டு, தேனியில லைனிங் ஒட்டி ரிவிட் அடிச்சு, ஒம்போதாம் நாள் சாயங்காலம் வந்து சேந்தான். அன்னைக்கே சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ரப்பரைப் போட்டு, ஸ்பிரிங்கை இழுத்து மாட்டி, டிரம்மை மூடி, டப்பாவுல ஆயிலை நிரப்பிட்டு, "காலையில பிரேக் டியூப்புல நிக்கிற காத்தை எடுத்துட்டா முடிஞ்சது. யாரும் தொடக் கூடாது"ன்னுட்டுப் போனான்.

யாரும் தொடாம இருப்பாங்களா? முன் பம்பருல எலுமிச்சம்பழம் தொங்குச்சு, கண்ணாடியில தர்காவுல இருந்து கொண்டாந்த பச்சைத் துணி, ஸ்டீயரிங்குல ஜெபமாலை. அதெல்லாம் வெளியில. நான் மட்டும்தான் உள்ள கை வெச்சேன். விடியக்காலம் அம்மன் கோயிலுக்குப் போய், என் மகளைக் காப்பாத்துன்னு அழுது, கர்ப்பக்கிரக விளக்குல எரிஞ்ச எண்ணெயை ஒரு டம்ளர் வாங்கி முந்தானையில மறைச்சுக்கிட்டு வந்து, பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து, கொஞ்சம் வழிச்சு எடுத்துட்டு, அந்த எண்ணெயை ஊத்தினேன். ஆத்தா உள்ள போய் நாலு சக்கரத்தையும் பிடிச்சுக்குவான்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். என் புத்தியை என்ன சொல்ல.

காலையில மொக்கராசு பெடலை மிதிக்க, சவரி ஒவ்வொரு சக்கரமாக் குனிஞ்சு நிப்பிள்ங்கிற சின்னத் திருகைத் திறந்து காத்தை எடுத்தான். கடைசிச் சக்கரம் முடிஞ்சு மொக்கராசு மிதிச்சப்ப பெடல் பாதியில கல்லு மாதிரி நின்னுச்சு. வாத்தியார் போட்ட கோட்டு மேலயே ஊரும் நின்னுச்சு. ஆறு சாண் மிச்சம். பொங்கல் வெச்சோம், கும்மி அடிச்சோம், கொய்யா மரத்துக்காரிக ரெண்டு பேரும் ஒருத்தி தலையில ஒருத்தி பூ வெச்சு விட்டுக்கிட்டாளுக. நான் தனியாப் போய் அம்மன் முன்னால விழுந்து, நமக்குள்ள இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன்.

மூணு நாள்தான். மூணாம் நாள் காலையில மொக்கராசு வண்டியை எடுக்கப் போனா, சக்கரம் இம்மிகூட அசையல. பெடல் மேல வரமாட்டேங்குது. அன்னைக்கு ஊர்ல கதவு எதுவும் திறக்கல, ஆட்டு உரலு சுத்தல, குழந்தைக வாயில வெச்ச பால் தொண்டையில நின்னுச்சு. சவரி ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சு ஓடி, டப்பா மூடியைத் திறந்து, விரலை விட்டு மோந்து பாத்தான். பின்னாலயே ஜன்னல் ஏறிக் குதிச்சு ஓடின நான் அவன் முகம் போன போக்கைப் பாத்தேன்.

"எவன் இதுல எண்ணெய் ஊத்தினது? ரப்பரு ஊறிப் பணியாரமா உப்பிக் கிடக்கு! இது எந்த நிமிசமும் கிழியும்!"

அவன் வாயை மூடல, உள்ள ஏதோ பட்டுனு அறுந்துச்சு, பெடல் தரையில போய் விழுந்துச்சு. ஊரு ஒரே இழுப்பா மூணு சாண் போச்சு. நாப்பது வீட்டுலயும் ஒரே நேரத்துல அலறினாங்க. கீழ இருந்து செண்பகத்தோட சத்தம் எனக்குத் தனியாக் கேட்டுச்சு.

"நான்தான்"னேன். வேற யாராவதுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம், வாய் வரல. "நான்தான் ஊத்தினேன். கோயில் எண்ணெய். அவளைக் காப்பாத்தணும்னு ஊத்தினேன், சவரி."

கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வந்த ஊரே என்னைப் பாத்துச்சு. அடிப்பாங்கன்னு நினைச்சேன், அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். மச்சக்காளை மட்டும், "அத்தை"ன்னு ஒரு வார்த்தை சொன்னான். சவரி டப்பா மூடியைத் திருகி மூடினான். அப்புறம் பஸ்ஸுக்கு ஓடினான், அந்தச் சந்துக் கடையில மிச்சம் இருந்த இன்னொரு செட்டுக்கு. ஓடும்போதே திரும்பி, "நான் வந்து காத்து எடுக்கிறப்ப மொக்கராசு வேணாம். ஊத்தின ஆளே உக்காந்து மிதிக்கட்டும்"னான். ஊரு அதையே தீர்ப்பா எடுத்துக்கிச்சு.

ரெண்டு நாள் நான் செண்பகம் வீட்டுல படுத்தேன். தூங்கல. அவ என்னை ஒரு வார்த்தை திட்டல, "சாப்பிடும்மா, கால்ல வலு வேணுமில்ல"ன்னு தட்டை நீட்டினா. எனக்குச் சோறு இறங்கல. அடுத்த நாள் மதியம் சவரி வந்தான். டியூப்பு, சிலிண்டர் எல்லாத்தையும் ஸ்பிரிட் ஊத்தி ஊத்திக் கழுவி, எண்ணெய் வாசம் போச்சான்னு மோந்து மோந்து பாத்து, புது ரப்பர் போட்டு மூட விடிஞ்சிருச்சு. அதுக்குள்ள செண்பகம் வீட்டுப் பின்சுவரு விளிம்புக்கு நேரா வந்து, அஸ்திவாரத்துல இருந்து ஒவ்வொரு செங்கலா உதிர ஆரம்பிச்சிருந்துச்சு.

டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தேன். அதுவரைக்கும் நான் பிரேக்கைக் காலால தொட்டதே கிடையாது. செண்பகமும் மச்சக்காளையும் வண்டிக்குப் பக்கத்துலயே நின்னாங்க, அவ பலகையைப் பிடிச்சிருந்தா, அவன் அவளைப் பிடிச்சிருந்தான். பிடிக்கிறதுல பிரயோசனம் இல்லைன்னு மூணு பேருக்கும் தெரியும்.

"அக்கா, மூணு தடவை மிதி. மிதிச்சுப் பிடி. நான் நிப்பிளைத் திறக்கிறப்ப பெடல் உள்ள போகும், போகட்டும், ஆனா நான் மூடுற வரைக்கும் காலை எடுத்துராத. எடுத்தா காத்து உள்ள போயிரும், மறுபடி முதல்ல இருந்து. அதுக்கு நேரம் இல்லை. புரியுதா?"

"புரியுது."

பின்னால வலது சக்கரம், பின்னால இடது சக்கரம், முன்னால இடது. மிதி, பிடி, எடு. ஒவ்வொரு தடவையும் நுரை நுரையா ஆயில் வருதுன்னான். ரெண்டு கையாலயும் முழங்காலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கடைசிச் சக்கரத்துக்கு வந்து நிப்பிளைத் திறந்தான். பெடல் மெல்ல மெல்ல என் காலுக்குக் கீழ இறங்கித் தரையைத் தொட்டுச்சு. அப்பத்தான் கீழ ஒரு சத்தம். சுவரு போற சத்தம்.

செண்பகம் கை பலகையை விட்டு வழுக்குச்சு. விரல் விரலாப் போச்சு. அவ கத்தல, என்னைத்தான் பாத்துக்கிட்டே இருந்தா, நின்ன நிலையிலேயே, கால் ரெண்டும் மண்ணுல கோடு கிழிக்க, அவ பின்னால மச்சக்காளை, ரெண்டு பேரும் சந்துக்குள்ள சறுக்கிக்கிட்டுப் போறாங்க. என் கைக்கு எட்டுற தூரம்தான். குதிச்சா பிடிச்சிருப்பேன். குதிச்சா காலை எடுக்கணும்.

"நுரை இன்னும் வருது! பிடி! எடுத்துராத!"

"சவரி, மூடுடா! எம்மக போறாடா!"

"நுரை நிக்கலக்கா!"

முதல் வரிசை தாண்டிட்டா. ரெண்டாவது வரிசை. கொய்யா மரத்துக்காரி ஒருத்தி அவ சேலையைப் பிடிச்சா, சேலை கையோட வந்துருச்சு. அப்புறம் வளைவு, அப்புறம் எனக்குத் தெரியல. பெத்த வயிறு எரிஞ்சுச்சு. என் உடம்புல ஒவ்வொரு நரம்பும் எழுந்திரு எழுந்திருன்னு சொல்லுச்சு, இந்த ஒரு கால் மட்டும் கேக்கல. அது என் காலே இல்லை மாதிரி, தகரத்தோட தகரமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"மூடிட்டேன்! எடு! மிதி!"

எடுத்தேன், மிதிச்சேன். பெடல் பாதியில நின்னுச்சு. அதுக்கு மேல ஒரு மயிரிழை இறங்கல.

கீழ சத்தம் நின்னுபோச்சு. "செண்பகம்"னு கூப்பிட்டேன். பதில் இல்லை. "அடியே செண்பகம்!" தொண்டை கிழிஞ்சிருச்சு. எழுந்திரிச்சுப் பாக்க முடியாது, பாக்கவும் பயம். சவரி ஸ்பேனரைக் கையில பிடிச்சபடி மண்ணுல உக்காந்துட்டான்.

ரொம்ப நேரம் கழிச்சு, அடியில இருந்து, மெல்லிசா ஒரு குரல் வந்துச்சு.

"அம்மா... காலை எடுத்துராதம்மா."

"எடுக்கலடி."

"குதிகால் வெளியில இருக்கு. எடுத்துராத."

"எடுக்கல சாமி, எடுக்கல."

ஆளுக ஓடி இறங்கி ரெண்டு பேரையும் இழுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. ஹேண்ட் பிரேக்கும் போட்டாச்சு, காலை எடு அக்கான்னு சவரி சொன்னான். வாத்தியார் வந்து, கோடு போட்டுப் பாத்துட்டேன், ஊரு நின்னுருச்சுன்னார். மொக்கராசு கையெடுத்துக் கும்பிட்டான். யார் சொல்லியும் நான் எடுக்கல, வெயில் உச்சிக்கு வந்து சாயுற வரைக்கும் எடுக்கல. கடைசியில செண்பகமே யாரோட சேலையையோ சுத்திக்கிட்டு, கால் பூரா மண்ணும் ரத்தமுமா மேல ஏறி வந்து, என் முழங்காலை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்கி, பெடல்ல இருந்து எடுத்து வெச்சா. அப்பவும் நான் கண்ணை இறுக மூடிக்கிட்டேன்.